மன்றோ துரையும் நம் மனுவும்

(திருப்பதியில் நடந்த நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். வீட்டுமனைப் பட்டா கேட்டு நாம் கொடுத்த மனு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த சேதியை இங்கே சொன்னோம். அதைக் கேட்டு, முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "மன்றோ துரை மாதிரி ஒரு மனுஷன் வந்தால்தான் நமக்கெல்லாம் விடியும்" என்று பெருமூச்சு விட்டார். பின்னால் நின்ற தம்பிக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளைக்காரன் கப்பலேறி முக்கால் நூற்றாண்டு ஆச்சு தாத்தா, இன்னுமா அவன் காலைப் பிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டார். இருவரும் நம்மவர்கள், இருவரும் சந்தா பாக்கி இல்லாதவர்கள். ஆகவே யாரையும் உட்காரச் சொல்ல மனம் வரவில்லை.

செயற்குழு எங்கள் தலையில் ஒரு வேலையைக் கட்டியது. "யார் அந்த மன்றோ, விசாரித்து வந்து சொல்லுங்கள்" என்றார்கள். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டு ரயில்வேயில் பேரேடு எழுதிக் கொண்டிருக்கும் எங்களுக்குச் சரித்திரப் பேராசிரியர் வேடம் பொருந்தாது. ஆனாலும் கணக்குப் பார்த்துப் பழகிய கண் என்பதால், அந்த மனிதரின் வரவையும் செலவையும் பார்த்துக் கொண்டு வந்திருக்கிறோம்.

பெரியவருக்கு மன்றோ பெயர் எப்படித் தெரிந்தது? மலையிலிருந்துதான். திருமலைக் கோயிலில் 'மன்றோ கங்காளம்' என்று ஒரு பெரிய பாத்திரத்தின் பேரில் பொங்கல் நைவேத்தியம் நடப்பதை, மலையில் வேலை செய்யும் நம் ஆட்கள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். துரைக்குத் தீராத வயிற்று வலி வந்ததாம், வேங்கடவன் பிரசாதத்தில் குணமானதாம், அதனால் ஒரு கிராமத்தின் வருமானத்தை இந்தப் பொங்கலுக்கு எழுதி வைத்தாராம். மந்திராலயத்தில் ராகவேந்திர சுவாமி அவருக்கு மட்டும் காட்சி தந்து பேசினார் என்று இன்னொரு கதை. கடப்பைச் சீமையில் கண்டி என்னும் இடத்தில் இரு மலைகளுக்கு நடுவே தங்கத் தோரணம் தெரிந்தது என்று மூன்றாவது. இவை நடந்தனவா என்று நாம் வாதாட வேண்டியதில்லை. ஒரு வெள்ளைக்கார வரி அதிகாரியைப் பற்றி ஜனங்கள் இப்படிக் கதை கட்டியிருக்கிறார்கள் என்பதே யோசிக்க வேண்டிய விஷயம். அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் பிள்ளைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பேர் வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். வரி வசூலிக்க வந்தவன் பேரைப் பிள்ளைக்கு வைப்பது உலகத்தில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிடுகிறோம். மன்றோ சித்தூருக்குக் கலெக்டராக இருந்தார் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. சித்தூரும் திருப்பதியும் அந்நாளில் ஆற்காட்டு நவாபின் சீமை. 1801-இல் நவாபிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. பிறகு வட ஆற்காடு ஜில்லா ஆகி, 1911-இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது. 2022-இல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்தது உங்களுக்குத் தெரியும். நம் மனு ஓர் ஆபீசிலிருந்து இன்னோர் ஆபீசுக்கு ஓடியதே, அந்தப் பிரிவினையால்தான். மன்றோ ஆண்டது இதற்கு வடமேற்கே, வாயல்பாடு, மதனப்பள்ளி எல்லாம் அடங்கிய கடப்பைச் சீமையை. இப்பகுதி முழுக்க அவர் அதிகாரத்தின் கீழ் வந்தது, பின்னாளில் சென்னைக் கவர்னர் ஆனபோது.

சரி, ஆளைப் பார்ப்போம். தாமஸ் மன்றோ 1761-இல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் பிறந்தார். தகப்பனார் அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். அமெரிக்கர்கள் இங்கிலாந்துக்கு எதிராகச் சுதந்திர யுத்தம் தொடங்கியதும் வியாபாரம் படுத்துவிட்டது. குடும்பம் நொடித்தது. பதினெட்டு வயதுப் பையன் பிழைப்புக்காகக் கப்பலேறினான். கப்பல் கூலிக்குப் பணமில்லாமல், கப்பலிலேயே மாலுமி வேலை பார்த்துக்கொண்டு 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினான். கும்பினிப் பட்டாளத்தில் கேடட் உத்தியோகம். அதற்குப் பிறகு பல ஆண்டுகள், அவன் சம்பளத்தில் ஒரு பகுதி மாறாமல் ஊரில் இருந்த தாய் தகப்பனுக்குப் போயிற்று.

தோழர்களே, இந்த இடத்தைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. நாமும் வேலூர், திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்தவர்கள்தாம். மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள்தாம். ஆனால் அவன் வந்தது துப்பாக்கியோடு. நாம் வந்தது தூக்குச் சட்டியோடு. அந்த ஒரு வித்தியாசத்தில்தான் மிச்சக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

வந்த வருஷமே ஹைதர் அலியோடு சண்டை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் 1780 செப்டம்பரில் கும்பினிப் படை ஒன்று முழுவதும் நாசமானது. அதற்கு உதவியாக வந்திருக்க வேண்டிய இன்னொரு படை, உதவாமலே சென்னைக்குப் பின்வாங்கியது. அந்தப் படையில் இந்தப் பையனும் இருந்தான். பன்னிரண்டு வருஷம் சிப்பாய் வாழ்க்கை. இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றுக்கொண்டான். ஆங்கிலேய அதிகாரிகளில் இந்நாட்டுப் பாஷை தெரிந்தவர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள். அதுவே அவனுக்கு ஏணியாயிற்று.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலைப் பிடுங்கினார்கள். பாராமகால் என்றால் இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலத்துப் பக்கம். நம்மில் பாதிப் பேரின் பூர்வீகம். அங்கே அலெக்சாண்டர் ரீட் என்ற அதிகாரியின் கீழ் மன்றோவை நியமித்தார்கள். ஏழு வருஷம் இருந்தார், தருமபுரியில் வீடும் தோட்டமும் போட்டுக்கொண்டு. அங்கேதான் ரயத்துவாரி என்ற முறை உருவெடுத்தது.

ரயத்துவாரி என்றால் என்ன என்று தாய்மார்கள் கேட்கலாம். வங்காளத்தில் கும்பினியார் 1793-இல் ஜமீன்தார்களைப் பிடித்து, "இவ்வளவு பணம் கட்டு, மிச்சத்தை எப்படியோ கறந்துகொள்" என்று விட்டார்கள். ரீடும் மன்றோவும் இதற்கு மாறாக, நடுவில் ஜமீன்தார் வேண்டாம், ஒவ்வொரு வயலாக அளந்து, மண்ணின் தரம் பார்த்து, தீர்வை போட்டு, உழுகிற குடியானவனிடம் நேரே வசூலிப்போம் என்றார்கள். அவன் பேரில் பட்டா கொடுப்போம் என்றார்கள். நாம் இன்று தாலுகா ஆபீசில் கேட்கிற பட்டா, சிட்டா, அடங்கல், கிஸ்தி, ஜமாபந்தி என்ற வார்த்தைகளில் பல நவாப் காலத்திலிருந்தே இருந்தவை. ஆனால் அவற்றை ஒரு கயிற்றில் கோத்து, ஒரு சர்க்கார் இயந்திரமாக ஓட வைத்தவர்கள் இவர்கள்.

1800-இல் நிஜாம், தன் பாதுகாப்புக்கு வைத்த இங்கிலீஷ் பட்டாளத்தின் செலவுக்கு ஈடாக, பெல்லாரி, அனந்தபூர், கடப்பை, கர்நூலின் ஒரு பகுதி எல்லாவற்றையும் கும்பினியாருக்குத் தத்தம் செய்தார். ஜனங்களைக் கேட்கவில்லை. தத்த மண்டலம் என்று பேர். (1928-இல் நந்தியாலில் கூடிய மாநாட்டில்தான் தெலுங்கர்கள் அந்தப் பேரை வெறுத்து ராயலசீமை என்று மாற்றிக்கொண்டார்கள்.) அங்கே முதல் கலெக்டர் மன்றோ. எண்பது பாளையக்காரர்கள் அளவில் கோட்டையும் ஆயுதமும் வைத்துக்கொண்டிருந்த சீமை. மன்றோ அவர்களை ஒவ்வொருவராக நெருக்கினார். ஆயுதத்தைப் பறித்தார். சிலரைத் துரத்தினார், சிலருக்குப் பென்ஷன் கொடுத்து அடக்கினார். இந்தப் பென்ஷன் விவகாரத்தின் வால் நீண்டது. உய்யாலவாடா நரசிம்ம ரெட்டி 1846-இல் கிளர்ந்தெழுந்ததற்கு, அவர் வம்சத்துக்கு வரவேண்டிய பென்ஷன் தொகையை மறுத்ததும் ஒரு காரணம். 1847 பிப்ரவரியில் கோவில்குண்ட்லாவில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

முதல் நான்கு வருஷம் மன்றோ வீடு கட்டிக்கொள்ளவில்லை. கூடாரத்தில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். மரத்தடியில் உட்கார்ந்து குடியானவர்கள் வாயாலேயே வழக்குகளைக் கேட்டார். கர்ணமும் அமுல்தாரும் எழுதிக் கொடுக்கிற கணக்கை அப்படியே நம்பவில்லை. பெரியவரே, உங்கள் மனத்தில் இருக்கிற மன்றோ இவர்தான். இவர் பொய் அல்ல. இருந்தார். குடியானவன் நேரே போய் அதிகாரியிடம் பேசலாம் என்ற நிலைமை அவ்வளவு அபூர்வம். ஆகவே ஜனங்கள் அவரைச் சாமியோடு சேர்த்துவிட்டார்கள்.

தம்பி, இனி உங்கள் பக்கம். அந்த ஏழு வருஷத்தில் தத்த மண்டலத்து வரி வசூல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. மரத்தடியில் கேட்டதெல்லாம் கஜானாவுக்குப் போய்ச் சேர்ந்தது. தீர்வை அதிகம் என்பது மன்றோவுக்கே தெரியும். 1807-இல் ஊருக்குப் புறப்படும்போது, நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்க வேண்டும், அப்போதுதான் குடியானவனுக்கு நிலம் சொத்தாக நிற்கும் என்று எழுதினார். மேலிடத்தார் கேட்கவில்லை. கும்பினிக்கு யுத்தச் செலவு. ரயத்துவாரியையே நிறுத்திவிட்டு, கிராமங்களை மூன்று வருஷம், பிறகு பத்து வருஷம் என்று குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை எடுத்த பலர் திவாலானார்கள். நல்ல அதிகாரியின் நல்ல யோசனை, மேலே பணம் தேவைப்பட்டபோது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இங்கிலாந்து போன மன்றோ சும்மா இருக்கவில்லை. பார்லிமெண்டில் சாட்சி சொன்னார், தம் கட்சியை வாதாடினார். 1814-இல் நீதி நிர்வாகத்தைத் திருத்தும் கமிஷனுக்குத் தலைவராகத் திரும்பி வந்தார். 1816-இல் அவர் கொண்டுவந்த சட்டங்களால் கிராம முன்சீப், ஜில்லா முன்சீப் பதவிகளில் இந்நாட்டார் அமர்ந்தார்கள். அதே சட்டங்கள்தான் வரி வசூலிக்கிற கலெக்டர் கையிலேயே போலீசையும் மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் கொடுத்தன. தாமே உட்கார்ந்தால் நியாயமாக நடக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு. ஆனால் நாற்காலியில் எல்லா நாளும் மன்றோ உட்கார்ந்திருக்க மாட்டாரே! 1855-இல் சென்னை ராஜதானியில் சித்திரவதை பற்றி விசாரித்த கமிஷன் அறிக்கை வந்தது. வரி பாக்கிக்காகக் குடியானவனைக் குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவதும், விரல்களைக் கிட்டிக்கோலில் நசுக்குவதும் சர்வ சாதாரணமாக நடந்தன என்று அதில் பதிவாகியிருக்கிறது. செய்தவர்கள் கலெக்டரின் கீழ் இருந்த சிப்பந்திகள், நம்மைப் போன்ற தேசத்தார். கிட்டி என்ற சொல் அந்த இங்கிலீஷ் அறிக்கையிலேயே தமிழ்ச் சொல்லாக ஏறியிருக்கிறது. நம் பாஷை உலகத்துக்குக் கொடுத்த கொடைகளில் இதுவும் ஒன்று என்று வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

1820-இல் மன்றோ சென்னைக் கவர்னர் ஆனார். கப்பலில் வேலை பார்த்து வந்த பையன் கோட்டையில் ஏறி உட்கார நாற்பது வருஷம். ராஜதானியில் ஜமீன்தாரிக்குப் போகாத சீமைகளில் ரயத்துவாரி மறுபடி நிலைத்தது. 1821-இல் திருமலைக் கோயில் நிர்வாகத்துக்குப் புரூஸ் என்ற அதிகாரி நாற்பத்திரண்டு விதிகள் எழுதினார். கோயில் செலவு போக மீதி கும்பினியார் கஜானாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1843-இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் வசம் விடும்வரை அப்படித்தான். பொங்கலுக்குக் கங்காளம் கொடுத்த கதையை நினைக்கிறவர்கள் இந்த உண்டியல் கணக்கையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கவர்னர் மன்றோ எழுதிய குறிப்புகள் சில இன்றும் பேசப்படுகின்றன. 1824 டிசம்பர் 31-இல் எழுதிய நீண்ட குறிப்பில், உயர்ந்த பதவிகளிலிருந்து ஒரு ஜனத்தை முழுக்க விலக்கி வைத்துவிட்டு அவர்களிடம் நேர்மையை எதிர்பார்ப்பது அநியாயம், இந்த ஆட்சி ஒரு நாள் தானாகவே விலக வேண்டிவரும் என்றார். கும்பினி அதிகாரி பேச்சில் இது பெரிய வார்த்தை. அதே மனிதர், 1822 ஏப்ரலில், இந்தியாவில் பத்திரிகைக்குச் சுதந்திரம் கொடுக்கக் கூடாது என்றும் எழுதினார். காரணத்தை மறைக்கவில்லை. அந்நியர் ஆட்சியும் சுதந்திரப் பத்திரிகையும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது, பத்திரிகை படித்தால் முதலில் சிப்பாய்களுக்குத்தான் கண் திறக்கும் என்றார். நமது மாத ஏட்டைக் கையில் வைத்திருக்கிறீர்களே, அன்றாக இருந்தால் அச்சகத்தாரையும் எங்களையும் சேர்த்துக் கூட்டிப் போயிருப்பார்கள்.

இனி எங்களுக்கு முக்கியமாகத் தோன்றிய இரண்டு கணக்குகள்.

ஒன்று, பட்டாக் கணக்கு. ரயத்துவாரி 'உழுகிறவனுக்கு' என்று சொல்லப்பட்டாலும், எழுதப்பட்டது ஊரில் குடியானவன் என்று பேர் பெற்றவனுக்கு. அவன் வயலில் நாற்று நட்டவள், ஏர் ஓட்டிய பண்ணையாள், பறையடித்தவன், தோல் பதப்படுத்தியவன், இவர்கள் பேர் எந்தச் சிட்டாவிலும் ஏறவில்லை. பண்ணையடிமைத்தனமே 1843 வரை சட்டத்துக்குச் சம்மதமாக இருந்தது. மரத்தடியில் மன்றோ கேட்ட வழக்குகளில் இவர்கள் குரல் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் இந்த மக்களின் நிலைமையை அறிக்கையாக எழுதிய பிறகே, 1892-இல் பஞ்சமி நிலம் என்று ஒன்று வந்தது. அதற்குள் எழுபது வருஷம் போய்விட்டது. இடையில் 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம் வேறு. சிட்டாவில் பேரில்லாதவர்கள் கப்பலேறினார்கள். மொரீஷியஸ், இலங்கை, நேட்டால், மலேயா, பிஜி. தொலைவுக்குப் போக முடியாதவர்கள் ரயில் பாதை போடும் மண்வேலைக்குப் போனார்கள். நம் குடும்பங்களில் சில அந்த மண்வேலையோடு வந்து இந்தப் பக்கம் தங்கியவைதாம். நம் பாட்டன் ஏன் ஊரை விட்டான் என்று கேட்டால், பசியால் என்று சொல்வோம். சிட்டாவில் பேரில்லாததால் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பள்ளிக்கூடக் கணக்கு. 1822 ஜூனில் மன்றோ எல்லாக் கலெக்டர்களுக்கும் ஒரு படிவம் அனுப்பினார். உன் ஜில்லாவில் பள்ளிக்கூடம் எத்தனை, படிக்கிற பிள்ளைகள் எத்தனை, ஆண் எத்தனை பெண் எத்தனை, பிராமணர், வைசியர், சூத்திரர், மற்றச் சாதியார், முசல்மான் என்று பிரித்து எழுது என்றார். 1826-இல் தொகுத்தபோது ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. திண்ணைப் பள்ளிகள்தாம். வீட்டில் படித்தவர்கள் இதில் சேரவில்லை. தமிழ் ஜில்லாக்களில் சூத்திரர் என்று எழுதப்பட்ட பிள்ளைகளே மிகுதி. பெண்கள் வெகு சொற்பம். உடனே மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் இரண்டு பெரிய பள்ளி, தாலுகாவுக்கு ஒன்றாக முந்நூறு பள்ளி என்று திட்டம் போட்டார். அடுத்த வருஷம் அவர் இறந்தார். திட்டம் பத்து வருஷத்துக்குள் கைவிடப்பட்டது.

இறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறோம். பதவி முடிந்து ஊர் திரும்பும் முன், பழைய தத்த மண்டலத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வரப் புறப்பட்டார். நோயாளிக் குழந்தையோடு மனைவி முன்பே கப்பலேறியிருந்தார். வழியெல்லாம் வாந்திபேதி. கர்நூல் பக்கம் பத்திகொண்டாவில் 1827 ஜூலை 6 அன்று அந்த நோய் கண்டு அன்றே முடிந்தார். குத்தியில் புதைத்தார்கள். பிறகு 1831-இல் எலும்புகளைச் சென்னைக் கோட்டைக்குள் உள்ள தேவாலயத்துக்கு எடுத்துப் போனார்கள். ரேணிகுண்டாவிலிருந்து குண்டக்கல் போகிற வண்டியில் டியூட்டி பார்க்கும் நம் தோழர்கள் குத்தி ஸ்டேஷனில் இறங்கி டீ குடித்திருப்பீர்கள். அந்தக் குத்திதான். சென்னையில் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலையும் இவர்தான். 1839-இல் வைத்தது. சேணத்தையும் அங்கவடியையும் மறந்து போனதால் சிற்பி தற்கொலை செய்துகொண்டான் என்று டாக்ஸிக்காரர்கள் கதை சொல்வார்கள். அந்தச் சிற்பி சாண்ட்ரி, லண்டனில் தங்கள் ராஜாவுக்குச் செய்த குதிரைச் சிலைக்கும் சேணம் வைக்கவில்லை. மறதி அல்ல, அவர் பாணி அது.

இப்போது நம் மனுவுக்கு வருவோம். மூன்று முறையும் அது ஏன் திரும்பி வந்தது? ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பை உங்களுக்கு வாசித்துக் காட்டினோம். எத்தனை குடும்பம், எந்த வருஷம் முதல் குடியிருப்பு, என்ன அத்தாட்சி, ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது. நாம் 'ஏராளமான குடும்பங்கள்' என்று எழுதியிருந்தோம். அந்த வார்த்தையைப் போட்டது நாங்கள்தான், ஒப்புக்கொள்கிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பிரிவு கேட்கப் போனபோதும் இதே கதை. எத்தனை பிள்ளைகள் என்று ஓர் அதிகாரி கேட்டார். நம் பிரதிநிதிகள் மூவரும் மூன்று எண் சொன்னார்கள். அவர் சிரித்தார். அவர் மீது கோபித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

ஆகவே செயற்குழு இப்படித் தீர்மானித்திருக்கிறது. நாற்பது பக்க நோட்டு பன்னிரண்டு வாங்கியாயிற்று. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நோட்டு, இருவர். குடும்பத் தலைவர் பேரோடு, குடும்பத் தலைவி பேரும் கட்டாயம் எழுத வேண்டும். எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம் வந்தீர்கள்? கையில் என்ன காகிதம் இருக்கிறது? கரண்ட் பில், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளையின் பள்ளிச் சான்று, எதுவானாலும் எழுதுங்கள். பிள்ளைகள் எத்தனை, எந்த வகுப்பு, வீட்டில் பேசும் பாஷை எது, பள்ளியில் படிக்கும் பாஷை எது, நின்றுவிட்டால் எந்த வகுப்பில் நின்றது? வாடகைக்கு இருப்பவர்கள், துப்புரவு வேலைக்காரர்கள், பாலத்தடியில் இருப்பவர்கள், சங்கத்தில் சந்தா கட்டாதவர்கள், ஒருவரும் விடுபடக் கூடாது. சாதிக் கட்டம் வேண்டுமா வேண்டாமா என்று செயற்குழுவில் இரவு பத்து மணி வரை சண்டை நடந்தது. வேண்டும் என்று முடிவாயிற்று. போட்டால்தான் யார் விடுபட்டார்கள் என்று தெரியும் என்ற கட்சிக்கு ஒரு ஓட்டு அதிகம்.

ரேணிகுண்டா ரோட்டுப் பக்கத்து நோட்டுக்குப் பெரியவரும் தம்பியும் சேர்ந்து போகச் சம்மதித்திருக்கிறார்கள். பெரியவருக்குக் குடும்பங்கள் தெரியும், தம்பிக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். மற்ற நோட்டுகளுக்கு இன்னும் ஏழு பேர் குறைகிறார்கள். கூட்டம் முடிந்ததும் மேஜையண்டை வந்து பேர் கொடுங்கள். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கே தொடங்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் மலை வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள்.